கூடாரத்தை எங்கே அடிப்பது?

குழந்தைகளே! உங்களுக்கு ஒரு கேள்வி.

கையில் ஒரு கூடாரம் இருக்கிறது. கூடவே ஏழு நண்பர்கள். மாசி மாதம். ஊர், திருவாரூர் மாவட்டத்து வலங்கைமான். இன்று இரவு வெளியில்தான் தங்கப் போகிறீர்கள். கூடாரத்தை எங்கே அடிப்பீர்கள்?

"போங்க சார்! கூடாரம் அடிக்கணும்னா கொடைக்கானல் போகணும், முதுமலை போகணும். எங்க ஊர்ல மலையும் இல்ல, காடும் இல்ல. எங்கே பார்த்தாலும் வயல்தான்!" என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். கடைசி பெஞ்சு முணுமுணுப்புகூட எனக்குத் தெளிவாகக் கேட்கும்!

மலையில் கூடாரம் அடிப்பதைவிட நம் வயல்காட்டில் அடிப்பதற்குத்தான் அதிக யோசனை வேண்டும். வாருங்கள், ஒவ்வோர் இடமாகப் பார்ப்போம்.

முதலில் குடமுருட்டி ஆறு. காவிரியின் கிளை ஆறு அது. மாசியில் பெரும்பாலும் தண்ணீர் வற்றி, வெள்ளை மணல் மெத்தை மாதிரி விரிந்து கிடக்கும். பார்த்தவுடன் "இங்கேயே அடிச்சிடலாம்" என்று ஆசை வரும். கூடாது! நம் ஆற்றில் தண்ணீர் வருவதற்கு நம் ஊரில் மழை பெய்ய வேண்டும் என்பதில்லை. மேட்டூரிலும் கல்லணையிலும் திறந்துவிட்டால் இங்கே வந்துவிடும். வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்து ஜனவரி 28-ஆம் தேதி மூடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் தேவைப்பட்டால் நடுவிலும் திறப்பார்கள். ஆற்று மணலில் தூங்குகிறவனை எழுப்பிச் சொல்லிவிட்டு வராது தண்ணீர்.

அடுத்து தென்னந்தோப்பு. நல்ல நிழல், நல்ல காற்று. ஆனால் தலைக்கு மேலே பாருங்கள். முற்றிய தேங்காயும் காய்ந்த மட்டையும் எந்த நேரமும் விழலாம். கூடாரத் துணி அதைத் தாங்குமா?

சரி, அறுவடை முடிந்த வயல்? வெறும் தாள்தானே நிற்கிறது என்று நினைப்பீர்கள். குனிந்து பாருங்கள். சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே, ஈரம் இருக்கும்போதே, உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். தாளுக்கு இடையில் இரண்டு இலை விட்டுச் செடி முளைத்திருக்கும். நீங்கள் எட்டுப் பேர் ஓடியாடினால் ஒரு விவசாயியின் ஆறு மரக்கால் உளுந்து போச்சு! தவிர, வயலில் எலி வளைகள் இருக்கும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும்.

அப்படியானால் எங்கேதான் அடிப்பது? களத்துமேடு. நெல் அடித்த களம் சமமாக, மேடாக, செடி கொடி இல்லாமல் இருக்கும். அல்லது, திடல். நம் பக்கத்து ஊர்ப் பெயர்களில் 'திடல்' என்று முடிவது எத்தனை இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? சுற்றிலும் தண்ணீர் நின்றாலும் நனையாத மேட்டு நிலத்துக்குத் திடல் என்று பெயர். வெள்ளம் வரும் நாட்டில் முன்னோர்கள் பார்த்துப் பார்த்துக் குடியிருந்த இடம். அவர்கள் வீடு கட்டிய இடத்தில் நாம் கூடாரம் அடித்தால் தப்பு வராது. இரண்டும் கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது பள்ளி விளையாட்டு மைதானம். எங்கே அடித்தாலும் நிலத்துக்காரரிடம் முதல் நாளே போய்க் கேட்டுவிட வேண்டும்.

இப்படி நிலத்தைப் பார்க்கக் கற்றுத் தருகிறவர்கள்தான் சாரணர்கள். கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, மூன்று விரலால் சல்யூட் அடிக்கும் அண்ணன்களையும் அக்காக்களையும் குடியரசு தின விழாவில் பார்த்திருப்பீர்களே, அவர்களேதான்! 5 வயது முதல் 10 வயது வரை உள்ள சிறுவர்கள் குருளையர், சிறுமிகள் நீலப்பறவையர். 10 வயது ஆனால் பையன்கள் சாரணர், பெண்கள் சாரணியர். அவர்களது தாரக மந்திரம் இரண்டே சொல்: 'தயாராக இரு!' இன்னொரு வேடிக்கை. நம் ஊர்ப் பெயரிலேயே வலக்கை இருக்கிறது. ஆனால் சாரணர்கள் கைகுலுக்குவது இடக்கையால்!

நாற்பதாயிரம் பேர் மாட்டிக்கொண்ட கதை

"இடம் பார்ப்பதற்கு இவ்வளவு பேச்சா?" என்று நினைக்கிறீர்களா? 2023-ஆம் ஆண்டு தென்கொரியாவில் நடந்ததைக் கேளுங்கள்.

உலகச் சாரணர் பெருந்திரளணி என்று ஒன்று உண்டு. 'ஜம்போரி' என்பார்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகம் முழுவதிலுமிருந்து சாரணர்கள் ஓரிடத்தில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். 2023 ஆகஸ்டில் சேமாங்கம் என்ற இடத்தில் நடந்தது. சுமார் 40 ஆயிரம் பேர் வந்திருந்தார்கள். அந்த இடம் எது தெரியுமா? கடலுக்கு அணை போட்டு மீட்டெடுத்த சேற்று நிலம்! மழை பெய்து தண்ணீர் வடியவில்லை. ஒதுங்க மர நிழல் இல்லை. வெயிலோ 35 டிகிரியைத் தொட்டது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வெப்பத்தால் மயங்கிச் சிகிச்சைக்குப் போனார்கள். பிரிட்டன், அமெரிக்கக் குழுக்கள் பாதியிலேயே கிளம்பிவிட்டன. பிறகு புயல் ஒன்றும் அந்தப் பக்கம் திரும்ப, ஆகஸ்ட் 8-ஆம் தேதி மீதிப் பேரையும் பேருந்துகளில் ஏற்றி வேறு ஊர்களுக்குக் கொண்டு போனார்கள்.

'தயாராக இரு' என்று தினமும் சொல்லும் இயக்கத்துக்கே இப்படி! பெரியவர்கள் வரைபடத்தில் இடம் பார்த்தார்கள் போலிருக்கிறது. மழை நாளில் ஒருமுறையும் உச்சி வெயிலில் ஒருமுறையும் அங்கே போய் நின்று பார்த்திருந்தால் நிலமே சொல்லியிருக்கும்.

நம் பக்கத்திலும் பெருந்திரளணி நடந்திருக்கிறது. பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைர விழாவை ஒட்டி, 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறை சிப்காட் வளாகத்தில் நடந்தது. நாடு முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்து ஒரு வாரம் கூடாரத்தில் தங்கினார்கள். வறண்ட மேட்டு நிலம். மழை ஓய்ந்த தை மாதம். இடமும் பொருத்தம், காலமும் பொருத்தம்.

தீவில் தொடங்கியது

இதெல்லாம் முதலில் 20 பையன்களோடு தொடங்கியது. இங்கிலாந்தில் பேடன் பவல் என்ற ராணுவ அதிகாரி இருந்தார். 1907 ஆகஸ்டில், பிரௌன்சி என்ற சின்னத் தீவுக்குச் சுமார் 20 சிறுவர்களை அழைத்துப் போனார். பணக்காரப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் பாதி. உழைப்பாளிகள் வீட்டுப் பிள்ளைகள் பாதி. அந்தக் காலத்து இங்கிலாந்தில் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதே பெரிய ஆச்சரியம். அவர்களைக் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்தார். ஓநாய் அணி, காளை அணி, அண்டங்காக்கை அணி, கர்லூ அணி. கர்லூ என்பது நீண்டு வளைந்த அலகு உள்ள நீர்ப்பறவை. பனிக்காலத்தில் நம் கோடியக்கரைக்குக்கூட வரும்! காலையில் ஆப்பிரிக்க மான் கொம்பை ஊதித்தான் பையன்களை எழுப்புவாராம்.

அந்த முகாமில் மிகப் பெரிய புதுமை, கூடாரமும் இல்லை, கொம்பும் இல்லை. ஒவ்வோர் அணிக்கும் ஒரு பையனே தலைவன். அணியை நடத்தும் பொறுப்பு அவனுடையது. மறு ஆண்டு, 1908-இல், பேடன் பவல் எழுதிய புத்தகம் வெளிவந்தது. அதைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் தாங்களாகவே அணி சேர்த்துக் கொண்டார்கள். 1909-இல் லண்டனில் நடந்த சாரணர் கூட்டத்துக்கு, யாரும் கூப்பிடாமலே பெண் பிள்ளைகளும் வந்து நின்றார்கள். "எங்களுக்கும் வேண்டும்" என்றார்கள். சாரணியர் இயக்கம் அப்படிப் பிறந்தது.

அதே 1909-இல் பெங்களூரில் சாரணர் படை தொடங்கப்பட்டது. ஆனால் ஒரு வருத்தமான விஷயம். அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். இந்தியப் பிள்ளைகளுக்கு இடமில்லை! நம் ஊரில், நம் மண்ணில், நம் பையன் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டுமாம்.

நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. 1916-இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேல் என்பவரும் இந்தியச் சிறுவர்களுக்காகத் தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார்கள். வெள்ளைக்காரப் பையன்கள் தொப்பி போட்டால் நம் பையன்கள் தலைப்பாகை கட்டினார்கள். ஆங்கிலப் பாட்டுக்குப் பதில் நம் நாட்டுப் பாட்டைப் பாடினார்கள். வடக்கே அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் வாஜ்பாய் ஆகியோர் 'சேவா சமிதி' சாரணர் சங்கத்தை வளர்த்தார்கள்.

இந்தக் குன்ஸ்ருவின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர், கோகலே 1905-இல் தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தின் உறுப்பினர். கோகலே 1915-இல் இறந்த பிறகு அந்தச் சங்கத்துக்குத் தலைவராக வந்தவர் யார்? 1869-இல் நம் வலங்கைமானில் பிறந்து, கும்பகோணத்தில் படித்து, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி! இங்கே குடமுருட்டிக் கரையில் பிறந்தவர் தலைமை வகித்த சங்கத்தில் இருந்தவர்தான், அங்கே கங்கைக் கரையில் பையன்களுக்குச் சாரணர் பயிற்சி கொடுத்தார். எனக்கு இந்தத் தொடர்பு ரொம்பப் பிடிக்கும். சாஸ்திரியார் வாத்தியாராக இருந்தவர் என்பதாலும் இருக்கலாம்!

1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்ட் அம்மையாரின் சங்கம் அவரது இயக்கத்தோடு இணைந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 நவம்பர் 7-ஆம் தேதி, தனித்தனியாக இருந்த சாரணர் சங்கங்கள் சேர்ந்து பாரத சாரணர் இயக்கம் ஆயின. மறு ஆண்டு சாரணியரும் சேர்ந்தார்கள். அதன் முதல் தேசிய ஆணையர் குன்ஸ்ருதான்.

அம்மா கரண்டியைத் தொடக் கூடாது!

இப்போது முகாமுக்குள் போவோம். சாரணர் முகாமுக்குப் பிள்ளைகள் மட்டும் போவதுதான் வழக்கம். ஆனால் சில படைகளில் ஓர் இரவு மட்டும் பெற்றோரையும் அழைத்துக் குடும்ப முகாம் நடத்துவார்கள். நான் பார்த்த முகாம்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். ஏன் என்றால், அங்கே எல்லாம் தலைகீழ்!

ஓர் அணியில் ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள். அவர்களின் பெற்றோரும் அந்த அணியில் சேர்ந்துகொள்வார்கள். அணித் தலைவருக்கு 12 வயதோ 13 வயதோ இருக்கும். ஆனால் அன்று அவர் சொல்வதுதான் சட்டம். தண்ணீர் எடுக்க இரண்டு பேர், விறகு பொறுக்க இரண்டு பேர், சமையலுக்கு மூன்று பேர், கழிப்பறைக் குழி வெட்டிச் சுத்தம் பார்க்க இரண்டு பேர் என்று முறை போட்டு அட்டையில் எழுதி ஒட்டிவிடுவார்கள். குழி வெட்டும் முறை எல்லாருக்கும் வரும். அப்பா வங்கி மேனேஜரா, நடவு வேலைக்குப் போகிறவரா, எந்தத் தெரு என்ற பேச்சே கிடையாது. மண்வெட்டியைப் பிடித்தே ஆக வேண்டும். ஒரே பானையில் வெந்ததைத்தான் எல்லாரும் சாப்பிட வேண்டும்.

சமையல் பிள்ளைகளுடையது. அம்மாக்கள் பக்கத்தில் உட்காரலாம், கேட்டால் சொல்லலாம். கரண்டியைத் தொடக் கூடாது! இதுதான் அம்மாக்களுக்கு ரொம்பக் கஷ்டமான விதி. சோறு குழைகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. கை பரபரக்கிறது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். குழைந்த சோற்றில் புளிக்குழம்பை ஊற்றி, வாழை இலையில் போட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சாப்பிட வேண்டும். உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கும். பசி அப்படி!

பாட்டிமார்கள் வந்தால் அதிர்ஷ்டம். ஒருமுறை பனியில் நனைந்த சவுக்கு விறகை வைத்துக்கொண்டு பையன்கள் அரை மணி நேரம் ஊதினார்கள். புகைதான் வந்தது. ஒரு பையனின் பாட்டி எழுந்து போய்த் தோப்பிலிருந்து காய்ந்த பாளையும் பன்னாடையும் கொண்டு வந்தார். அடுப்பைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி, பன்னாடையைக் கசக்கிக் கீழே வைத்து, பாளையைக் கிழித்து மேலே அடுக்கி, ஒரே குச்சியில் பற்ற வைத்தார். அணித் தலைவி உடனே அட்டையை எடுத்து 'அடுப்புப் பயிற்சியாளர்' என்று எழுதிப் பாட்டியின் பெயரைச் சேர்த்துவிட்டாள். அன்று ராத்திரி வரை பாட்டியைச் சுற்றி நாலு பேர்!

இன்னொரு சம்பவம். ஓர் அணித் தலைவனின் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர். இரண்டு நாள் லீவில் வந்திருந்தார். கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு நேராக ஒரு தென்னை மரத்தடிக்குப் போனார்.

"அப்பா, இங்க வேணாம்பா" என்றான் பையன்.

"ஏண்டா? நெழல் நல்லாத்தானே இருக்கு?"

பையன் தயங்கினான். எல்லாரும் பார்க்கிறார்கள். அப்பாவை எப்படி மறுத்துப் பேசுவது? பிறகு மெல்ல, "மேல பாருங்கப்பா" என்றான். மரத்தில் காய்ந்த மட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். "சரிங்க லீடர்!" என்று கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு களத்துமேட்டுக்கு நடந்தார்.

அன்று இரவு மட்டை விழுந்ததா என்று கேட்கிறீர்களா? விழவில்லை. மறுநாள் நாங்கள் கிளம்பும்போதும் அங்கேயேதான் தொங்கியது. விழவில்லை என்பதால் பையன் சொன்னது தவறாகிவிடுமா?

இறங்காமலே ஆற்றை அளக்கலாம்!

பகலில் சாப்பாடு முடிந்த பிறகு அடிக்கடி ஒரு போட்டி வைப்போம். ஆற்றில் இறங்காமல், பாலத்தில் ஏறாமல், ஆற்றின் அகலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எப்படி என்று சொல்கிறேன். பெரியவர் ஒருவரோடு போய்க் கரையின் மேலே நின்று செய்து பாருங்கள்.

எதிர்க்கரையில், தண்ணீர் ஓரமாக நிற்கும் ஒரு மரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு நேர் எதிரே நின்று, அந்த இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். அங்கிருந்து கரையோரமாகவே 20 எட்டு நடந்து ஒரு குச்சியை ஊன்றுங்கள். அதே திசையில் இன்னும் 20 எட்டு நடந்து நில்லுங்கள். இப்போது ஆற்றுக்கு முதுகைக் காட்டி, நேராக உள்பக்கம் நடங்கள். நடந்துகொண்டே அடிக்கடி திரும்பிப் பாருங்கள். ஓரிடத்தில் உங்கள் குச்சியும் எதிர்க்கரை மரமும் ஒரே நேர்கோட்டில் தெரியும். அங்கே நின்றுவிடுங்கள். ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பிய பிறகு எத்தனை எட்டு நடந்தீர்களோ, அதுதான் ஆற்றின் அகலம்! (நீங்கள் நின்ற கரையிலிருந்து அந்த மரம் வரை உள்ள தூரம்.)

மந்திரம் இல்லை. ஆற்றின் மேல் ஒரு முக்கோணம், தரையில் ஒரு முக்கோணம். இரண்டும் சர்வசமம். "இந்த முக்கோணமெல்லாம் எதுக்கு சார் படிக்கணும்?" என்று கேட்கிற பையன்களை நான் குடமுருட்டிக் கரைக்குத்தான் அழைத்துப் போவேன். உங்கள் ஓர் எட்டு எத்தனை சென்டிமீட்டர் என்பதை முன்னாலேயே டேப்பால் அளந்து வைத்துக்கொண்டால் விடை மீட்டரிலேயே கிடைக்கும்.

இரவில் பாடித் தீ. நடுவில் தீ மூட்டி, சுற்றி உட்கார்ந்து பாட்டு, நாடகம், விடுகதை. அது அணைந்த பிறகுதான் எனக்கு வேலை. பிள்ளைகளைத் திறந்தவெளிக்கு அழைத்துப் போய் நட்சத்திரம் காட்டுவேன். வழி தெரியாவிட்டால் துருவ நட்சத்திரத்தைப் பார், அதுதான் வடக்கு என்று சாரணர் பாடம் சொல்லும். இங்கிலாந்தில் அது வானத்தில் பாதி உயரத்துக்கும் மேலே, 50 டிகிரிக்கு மேல் நிற்கும். வலங்கைமானில்? வெறும் 11 டிகிரி! கையை நேராக நீட்டி, முஷ்டியை மடக்கி அடிவானத்தில் வையுங்கள். அந்த முஷ்டியின் உயரம் சுமார் 10 டிகிரி. அதற்குச் சற்று மேலே மங்கலாக ஒரு புள்ளி தெரிகிறதே, அதுதான். பாதி நாள் தென்னந்தோப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். நம் ஊருக்கு அதைவிட வசதியானது வேட்டைக்காரன் கூட்டம். 'ஓரியன்' என்பார்கள். நடுவில் வரிசையாக மூன்று நட்சத்திரம், வேட்டைக்காரனின் இடுப்புக் கச்சை. அந்த மூன்றும் ஏறக்குறைய நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும். மாசியில் சாயங்காலம் இருட்டியதும் உச்சி வானத்துப் பக்கம் அண்ணாந்து பார்த்தால் போதும். அதன் ஓரத்தில் சிவப்பாக மின்னுவதுதான் நம் திருவாதிரை.

கயிறும் டார்ச்சும்

முகாமுக்குப் பையில் என்ன எடுத்துப் போவது? தட்டு, டம்ளர், போர்வை, மாற்றுத் துணி என்று அம்மாவே வைத்துவிடுவார். நீங்கள் மறக்கக் கூடாதவை இரண்டு. டார்ச், கயிறு.

டார்ச் எதற்கு? இருட்டில் ஓர் அடி வைப்பதானாலும் வெளிச்சம் அடித்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். நம் வயல் பக்கத்தில் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன் எல்லாம் உண்டு. கட்டு விரியன் இரவில் நடமாடும். தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கடிப்பது பெரும்பாலும் அதுதான். கடித்த இடத்தில் வலிகூடத் தெரியாமல் போகலாம். அதனால்தான் தரைவிரிப்போடு சேர்த்துத் தைத்த கூடாரமாகப் பார்த்து வாங்கி, ஜிப்பை முழுவதும் மூடித் தூங்க வேண்டும். காலையில் ஷூவைத் தட்டிப் பார்த்துப் போட வேண்டும். யாரையாவது கடித்துவிட்டால் கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. சினிமாவில் செய்வதெல்லாம் தப்பு! கடிபட்டவரை அசையாமல் படுக்கவைத்து, 108-க்குப் போன் செய்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

கயிறு எதற்கு? சாரணர் பாடத்தில் முடிச்சுகள் பத்துக்கு மேல் உண்டு. ரீஃப் நாட், குளோவ் ஹிட்ச், போலைன் என்று பெயர்கள். பெயர்தான் இங்கிலீஷ். மாட்டை முளையில் கட்டுகிறவர், பந்தல் போடுகிறவர், சாரம் கட்டுகிறவர் கையைக் கவனித்துப் பாருங்கள். அதே மாதிரி முடிச்சுகள் அங்கே இருக்கும். பங்குனியில் நம் மாரியம்மன் கோயில் பாடைக்காவடிக்கு மூங்கிலை இறுக்கிக் கட்டுகிறார்களே, ஆள் படுத்து ஊர்வலம் வந்தாலும் அவிழாது!

இவற்றில் முதலில் கற்க வேண்டியது போலைன். எவ்வளவு இழுத்தாலும் அதன் வளையம் சுருங்காது. தண்ணீரில் தத்தளிப்பவர் அதை அக்குளுக்குள் மாட்டிக்கொண்டால், இழுக்கும்போது நெஞ்சை நெரிக்காது. நம் டெல்டாவில் ஆறும் வாய்க்காலும் குளமும் இல்லாத ஊர் இல்லை. ஒவ்வொரு வருடமும் லீவு நாளில் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கிப்போன செய்தி வருகிறது. பல சமயம் ஒருவரைக் காப்பாற்றக் குதித்த இன்னொருவரும் சேர்ந்து போகிறார். தத்தளிப்பவர் பிடித்த பிடியை விடமாட்டார், உங்களையும் சேர்த்து அமுக்கிவிடுவார். எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தாலும் குதிக்காதீர்கள். முதலில் பெரியவர்களைக் கத்திக் கூப்பிடுங்கள். கரையில் படுத்துக்கொண்டு மூங்கில் கழியை நீட்டுங்கள். கயிற்றை வீசுங்கள். கயிறு இல்லையா? வேட்டி, துண்டு, தாவணி, எது கிடைத்தாலும் வீசுங்கள். மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேனைத் தூக்கிப் போட்டால் அதைப் பிடித்துக்கொண்டு மிதப்பார்.

குடும்ப முகாமில் இதைக் கரையில் வைத்துப் பழக்குவோம். அப்பா இருபதடி தள்ளிப் புல்லில் உட்கார்ந்து 'மூழ்குவார்'. பிள்ளை கயிற்றை வீச வேண்டும். முதல் தடவை கயிறு எங்கோ போய் விழும். அப்பா சிரிப்பார். நாலாவது தடவை சரியாக அவர் மடியில் போய் விழும். அப்புறம் இடம் மாற வேண்டும். பிள்ளை மூழ்க, அப்பா வீச வேண்டும். அப்பாக்களுக்கு ஆறேழு தடவை ஆகும்!

உங்கள் பள்ளியில் சாரணர் படையோ சாரணியர் படையோ இருக்கிறதா என்று விளையாட்டு ஆசிரியரிடம் கேளுங்கள். பல அரசுப் பள்ளிகளிலும் உண்டு. படை இல்லாவிட்டால், பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தால் தொடங்க முடியும். தலைமை ஆசிரியரிடம் நாலு பேராகப் போய்க் கேளுங்கள். அது வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். ஆறடிச் சணல் கயிறு ஒன்றை வாங்கி, ஜன்னல் கம்பியில் கட்டிப் பழகுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பாவையோ தாத்தாவையோ அழைத்துக்கொண்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கூடாரம் அடிக்க உங்கள் ஊரில் எது நல்ல இடம்? தாத்தாவிடம் ஒரு கேள்வி கேட்க மறக்காதீர்கள்: பெருவெள்ளம் வந்த வருடம் தண்ணீர் எந்த இடம் வரைக்கும் ஏறியது?